சட்ட ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: தெரிந்த சொல்லில்தான் கால் இடறும்

களுவாஞ்சிக்குடியில் மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. உழவு இயந்திரத்துக்கான கடன் தவணை பிந்தியதால் நிதி நிறுவனம் ஒன்று அனுப்பியது. தலைப்பில் தடித்த எழுத்தில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று இருந்தது. இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். "பக்கச்சார்பில்லாமல் எழுதுகிறோம் என்கிறார்கள் மாமா, நியாயமான கடிதம்தான்" என்றேன். உள்ளே வட்டியில் ஒரு பகுதியைக் கழிப்பதாக எழுதியிருந்தார்கள். வழக்கு என்று வந்தால் இதையே காட்டலாம் என்று மாமா பத்திரப்படுத்திவிட்டார்.

கல்முனையில் ஒரு சட்டத்தரணிதான் விளக்கினார். அந்தத் தலைப்பின் பொருள் 'எமது உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்பது. சமரசம் பேசும்போது எழுதும் கடிதத்தில் அதைப் போடுவார்கள். உள்ளே சொன்ன விட்டுக்கொடுப்பைப் பின்னர் நீதிமன்றத்தில் தமக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்காகவே போடுவார்கள். மாமா எதை நம்பினாரோ அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு சொற்களும் இருந்தன. அன்றிலிருந்து நான் படித்த முறையைக் கீழே தருகிறேன்.

முதல் படி, பனுவலைத் தெரிவு செய்வது. அரசியலமைப்பில் தொடங்காதீர்கள், களைத்துவிடுவீர்கள். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தை எடுங்கள். அளவு சிறியது, பிரதேச செயலகத்தில் நீங்களே பயன்படுத்தக்கூடியது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஆங்கிலப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் உண்டு. இரண்டையும் அச்செடுத்து அருகருகே வையுங்கள். கைத்தொலைபேசித் திரையில் இது சரிவராது.

இரண்டாவது படியில் அவசரப்படாதீர்கள். தகவல் பெறும் உரிமையைத் தரும் 3 ஆம் பிரிவை மட்டும் ஒரு மாலை முழுவதும் படியுங்கள். 'சப்ஜெக்ட் டு' என்று தொடங்கும். பாடசாலையில் சப்ஜெக்ட் என்றால் பாடம்; இங்கே 'அமைய' என்று பொருள். அதாவது, 5 ஆம் பிரிவிலுள்ள விதிவிலக்குகள் விட்டுவைக்கும் அளவுக்கே இந்த உரிமை. அடுத்து 'பொசெஷன், கஸ்டடி, கொன்ட்ரோல்' என்று மூன்று சொற்கள். ஒரே பொருளை மும்முறை சொல்வதாக நினைத்துத் தாண்டிவிடுவோம். ஓர் அமைச்சின் கோப்பு சில நாள் பிரதேச செயலகத்தின் அலுமாரியில் இருக்கிறது என்று வையுங்கள். கோப்பு செயலகத்தின் சொத்து அல்ல, ஆனாலும் அதன் காவலில் இருக்கிறது. 'எங்களுடையது இல்லை' என்று கைவிரிக்க விடாமல் அடைக்கிற சொல்தான் 'கஸ்டடி'.

'ஷல்', 'மே' இரண்டையும் வேறு வேறு நிறத்தில் கோடிடுங்கள். தமிழ்ப் பிரதியில் முன்னது பெரும்பாலும் 'வேண்டும்' என்றும் பின்னது 'லாம்' என்றும் முடியும். கடமை எது, விருப்பம் எது என்பது அந்த நிறங்களிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட குறிப்பேடு) ஒன்று. சொல் மனனச் செயலிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அவை சொல்லைத் தனியாகப் பிடுங்கித் தருகின்றன. சட்டச் சொல் வாக்கியத்துக்குள்தான் உயிர்வாழும். இடப்பக்கம் வழக்கமான பொருள், வலப்பக்கம் சட்டப் பொருள், அதன்கீழ் முழு வாக்கியம். 'எக்ஸிகியூட்' என்றால் மரணதண்டனை மட்டுமல்ல, காணி உறுதியை முறைப்படி ஒப்பமிட்டு நிறைவேற்றுவதும்தான். 'கன்சிடரேஷன்' ஒப்பந்தத்தில் கைமாறும் பெறுமதி. 'சேர்விஸ்' அழைப்பாணையை உரியவரிடம் சேர்ப்பிப்பது. இலத்தீன் சொற்களுக்காகப் பயப்பட வேண்டாம். தெரியாது என்று தெரிவதால் அகராதியைத் திறந்துவிடுவோம்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து எழுதிய ஒரு மாணவி, தமிழ்நாட்டு அகராதி ஒன்றைப் பார்த்து 'ஓர்டினன்ஸ்' என்பதற்கு 'அவசரச் சட்டம்' என்று குறித்திருந்தார். இந்தியாவில் அது சரி. இங்கே இலங்கையில் அது 'கட்டளைச் சட்டம்'. அவற்றில் பல பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்டவை, இன்றும் நடைமுறையில் இருப்பவை. காணி விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும் என்பதே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவதுதான். அதுபோல, 'அஃபிடவிட்' அங்கே 'பிரமாணப் பத்திரம்', நமக்குச் சத்தியக்கடதாசி. 'பவர் ஒஃப் அற்றோணி' அங்கே 'அதிகாரப் பத்திரம்', நமக்கு அற்றோணித் தத்துவம். அந்த அகராதியை வீச வேண்டாம், தங்கச்சி. கொப்பியில் அங்குள்ள சொல்லைப் பென்சிலாலும் நம் சொல்லைப் பேனையாலும் எழுதுங்கள்.