புனித பிரிஜிட் திருநாளை வீட்டில் கொண்டாடும் முறை

அயர்லாந்துத் திருநாள் என்றாலே பலருக்கும் மார்ச் 17, பச்சைச் சட்டை, புனித பாட்ரிக் ஊர்வலம் என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் வீட்டோடு கொண்டாட, பிப்ரவரி 1-இல் வரும் புனித பிரிஜிட் திருநாளுக்கு இணையானது அங்கே வேறில்லை. ஒரு வாசற்கதவு, கொஞ்சம் வெண்ணெய், ஒரு கட்டுக் கோரை, சாப்பிட நாலு பேர் இருந்தால் போதும்.

கில்டேர் மடத்தை நிறுவித் தலைமை தாங்கிய பிரிஜிட், பாட்ரிக், கொலம்பா இருவரோடும் சேர்த்து அயர்லாந்தின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார். சுமார் 525-இல் மறைந்தார் என்பது மரபு. பால்மாடு, வெண்ணெய், விருந்தோம்பல், ஏழைக்குக் கொடுப்பது ஆகியவை அவரோடு ஒட்டியே பேசப்படும். கடைந்த வெண்ணெயை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட, கணக்குக் கேட்கும் நேரத்தில் பாத்திரம் மறுபடி நிறைந்தது என்பது அவரைப் பற்றிய பழைய கதைகளில் ஒன்று. அதனால் இந்தத் திருநாளில் வெண்ணெயைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

தேதியில் ஒரு குழப்பம் உண்டு. 2023 முதல் அயர்லாந்தில் இது அரசு விடுமுறை. விடுமுறை பிப்ரவரியின் முதல் திங்களன்று வரும். பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மட்டும் அன்றே விடுவார்கள். திருநாள் எப்போதும் பிப்ரவரி 1-தான். வீட்டுச் சடங்குகளோ முந்தின நாள், ஜனவரி 31 மாலையிலேயே நடக்கும். பிரிஜிட் அன்றிரவு ஊரெல்லாம் சுற்றி வந்து வீடுகளை ஆசீர்வதிப்பார் என்பது நம்பிக்கை. பிப்ரவரி 1 காலையில் வேலையைத் தொடங்கினால் முக்கால்வாசி கைநழுவிப் போயிருக்கும்.

மதியத்திலேயே வெண்ணெயைக் கடைந்து வையுங்கள். 35 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்புள்ள கிரீம் 500 மில்லி வாங்கினால் ஏறக்குறைய 200 கிராம் வெண்ணெய் கிடைக்கும். 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் ஃபிரெஷ் கிரீம் இதற்குச் சரிப்படாது. எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகத் திரளாது. கிரீமை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, பெரிய கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். பிள்ளைகள் முறை போட்டுக் குலுக்கட்டும். முதலில் தளதளவென்று சத்தம் வரும். பிறகு கிரீம் கெட்டிப்பட்டுச் சத்தமே நின்றுவிடும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். இன்னும் சில நிமிடம் குலுக்கினால் தொப்பென்று ஒரு கட்டி ஜாடியில் மோதும், மோர் பிரிந்து நிற்கும். மோரை வடித்துவிட்டு, வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் பிசைந்து கழுவுங்கள். நீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். உள்ளே மோர் தங்கினால் இரண்டே நாளில் சிக்கு வாடை வந்துவிடும். கடைசியில் அரை டீஸ்பூன் உப்பு சேருங்கள். வெண்ணெய் வழுவழுவென்று எண்ணெய் போல் கையில் ஒட்டினால் கிரீம் சூடேறிவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் குளிர வைத்துத் தொடருங்கள்.

அடுத்தது சோடா ரொட்டி. மைதா 450 கிராம், ஆப்ப சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், புளித்த மோர் 350 முதல் 400 மில்லி. வேறெதுவும் வேண்டாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மேலே கடைந்த வெண்ணெயிலிருந்து பிரிந்த மோர் புளித்தது அல்ல; இனிப்பாகவே இருக்கும். சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். அந்த மோரையே பயன்படுத்த விரும்பினால் 350 மில்லிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து பத்து நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் புளித்த கெட்டித் தயிர் 250 கிராமுடன் 125 மில்லி தண்ணீர் சேர்த்து அடித்துக்கொள்ளலாம். நம் வீட்டு நீர்மோர் இதற்கு மிகவும் நீர்த்தது.

ஓவனை 230 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். மாவு, உப்பு, சோடா மூன்றையும் சலித்து, நடுவில் குழி செய்து, மோரில் கொஞ்சம் மிச்சம் வைத்து ஊற்றி, விரல்களை விரித்து வட்டமாகக் கிளறுங்கள். தேவைப்பட்டால் மிச்சத்தையும் சேருங்கள். மாவு கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்துவிட்டால் ரொட்டி ரப்பராகிவிடும். மாவு தூவிய பலகையில் நாலு செ.மீ. உயர வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவைக் குறி போடுங்கள். ஆசீர்வாதம் என்பார்கள், நடுப்பகுதி நன்றாக வேகவும் அந்தக் கீறல்தான் வழி செய்கிறது. நனைந்தவுடன் சோடா குமிழ் விடத் தொடங்கும் என்பதால் தாமதிக்காமல் ஓவனுக்குள் வையுங்கள். 15 நிமிடம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றோசை கேட்க வேண்டும். உள்ளே மஞ்சள் புள்ளியும் சோப்புச் சுவையும் இருந்தால் சோடா அதிகம், அல்லது சரியாகச் சலிக்கவில்லை.

ஓவன் இல்லாதவர்கள் அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதி வழக்கப்படி கல்லில் சுடலாம். அதே மாவை ஒன்றரை செ.மீ. கனத்தில் தட்டி, நான்கு கால்வட்டமாக வெட்டி, கனமான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மிதமான தீயில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் வைத்தெடுங்கள். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாகவே நிற்கும்.

இரவு உணவுக்கு முக்கியம் உருளைக்கிழங்கு மசியலும் வெண்ணெயும். முட்டைக்கோஸ் சேர்த்த வகைக்குக் கோல்கானன் என்று பெயர். மாவு பிடிப்புள்ள கிழங்கு ஒரு கிலோவைத் தோலோடு வேகவைத்து, வடித்து, ஆவி போகும்வரை இரண்டு நிமிடம் விட்டு உரியுங்கள். பொடியாக நறுக்கிய 250 கிராம் முட்டைக்கோஸைத் தனியாக வேகவைத்து நீரைப் பிழிந்துவிடுங்கள். 200 மில்லி பாலில் ஒரு கைப்பிடி வெங்காயத்தாள் போட்டுக் கொதிக்க வைத்து, கிழங்கைக் கையால் மசித்து, பாலைச் சூடாகவே ஊற்றிக் கலந்து, முட்டைக்கோஸும் 50 கிராம் வெண்ணெயும் உப்பும் மிளகும் சேருங்கள். மிக்ஸியில் போடவே கூடாது. மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். தட்டில் குவித்து நடுவே குழி செய்து இன்னொரு 50 கிராம் வெண்ணெயை அதில் வையுங்கள். உருகும் வெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதுதான் முறை.

பந்தியில் உட்காருமுன் பங்கு பிரியுங்கள். பண்ணை வீடுகளில் அன்று வெண்ணெயும் மோரும் இல்லாத அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். கடைந்த வெண்ணெயில் கால் பங்கையும் ரொட்டியில் ஒரு கால்வட்டத்தையும் கட்டி, தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்கு, அவர்கள் சாப்பிடும் நேரத்துக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். மிச்சமானதைக் கொடுப்பது இந்தத் திருநாளுக்கு அழகல்ல.

இனி வாசற்கதவு. வீட்டில் ஒருவர் கோரைக்கட்டோடு வெளியே நிற்பார். கதவைத் தட்டி, “முழந்தாளிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்” என்று மூன்று முறை சொல்வார். மூன்றாம் முறை உள்ளிருப்பவர்கள், “வருக, வருக, அந்தப் பெருமாட்டி வருக” என்று பதில் சொல்லிக் கதவைத் திறப்பார்கள். கோரையைச் சாப்பாட்டு மேசைக்கடியில் வைத்துவிட்டு, உணவுச் செபம் சொல்லுங்கள். குடும்பச் செபம் எதுவானாலும் சரி. அந்த வருடம் கதவைத் தட்டி வந்து உதவியவர்களைப் பேர் சொல்லி நன்றி கூறுவது இந்த இடத்தில் நன்றாகப் பொருந்தும்.

சாப்பிட்ட பிறகு அதே கோரையில் சிலுவை பின்ன வேண்டும். அயர்லாந்தில் ஈரநிலத்தில் கோரைபோல் வளரும் ரஷ் தண்டை, அறுக்காமல் பிடுங்கி எடுப்பார்கள். அது கிடைக்காத இடத்தில் பச்சைக் கோரை, ஊறவைத்த வைக்கோல், பிள்ளைகளுக்குக் காகித ஸ்ட்ரா எதுவும் உதவும். 30 செ.மீ. நீளத்தில் 17 தண்டு எடுங்கள்.

ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதைப் பாதியாக மடித்து, முதல் தண்டின் நடுவைச் சுற்றி மாட்டுங்கள். திறந்த முனைகள் வலப்பக்கம் நீள வேண்டும். சேருமிடத்தைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்து, முழுவதையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். இப்போது அந்த முனைகள் மேல்நோக்கி நிற்கும். மூன்றாவதை மடித்து, மேல்நோக்கி நிற்கும் தண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டி, முனைகளை வலப்பக்கம் இழுத்து இறுக்குங்கள். மறுபடி கால் சுற்று, மறுபடி ஒரு தண்டு. மடித்த 16 தண்டும் தீரும்போது கைக்கு நாலு வீதம் நான்கு கைகளும் சமமாக வரும். முனைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிச் சமமாக நறுக்குங்கள். தண்டு காயும்போது சுருங்கும். நூல் கட்டினால் தளர்ந்துவிடும். நடுச்சதுரம் கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் திருப்பும்போது பிடியை விடுவது. அல்லது ஒரு முறை திசை மாற்றித் திருப்பியிருப்பீர்கள். மடிப்பில் முறிந்தால் தண்டு காய்ந்துவிட்டது, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும்.

முடித்த சிலுவைமேல் தீர்த்தம் தெளித்து வாசற்கதவின் உட்புறம் மாட்டுங்கள். போன வருடத்துச் சிலுவையை எறியாமல் உள்ளே வேறிடத்தில் வைப்பார்கள், அல்லது அடுப்பில் எரிப்பார்கள்.

படுக்கப் போகுமுன் ஒரு துணியையோ ரிப்பனையோ ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். பிரிஜிட் கடந்துபோகையில் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார் என்பார்கள். காலையில் எடுத்து வைத்து, வருடம் முழுக்கத் தலைவலிக்கும் பிரசவ நேரத்துக்கும் பயன்படுத்துவது மரபு. மருத்துவரைப் பார்ப்பதற்கு அது மாற்றல்ல. செபத்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்வது. ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் பிரிஜிட்டுக்காக வைப்பதும் உண்டு. கோல்கானன் மீந்தால் மறுநாள் காலை வட்டமாகத் தட்டி, வெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டெடுங்கள். முதல் பக்கம் மொறுமொறுப்பாகும்வரை திருப்பக் கூடாது, உடைந்துவிடும்.