சேனல் திடீரென்று காணாமல் போனால்

கோத்தகிரியில் மழை பிடித்த சாயங்காலம், சரியாக சீரியல் நேரம் பார்த்து சேனல் போனால் வரும் கடுப்பு இருக்கிறதே! ஆனால் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை, சண்டை பெரும்பாலும் அவருக்கு மேலே, சேனல் கம்பெனிக்கும் அவருக்குச் சிக்னல் தரும் நிறுவனத்துக்கும் நடுவில்; 2023 பிப்ரவரியில் புதுக் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடாத நிறுவனங்களுக்குச் சேனல்களை அப்படித்தான் நிறுத்தினார்கள்.

முதலில் அதே பேக் போட்ட பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் ஒயரிலோ பாக்ஸிலோதான் (எங்கள் ஒயரை ஒருமுறை குரங்கு இழுத்துப் போட்டிருந்தது).

அங்கும் வரவில்லையா, சரி, பில்லை எடுத்து அந்தச் சேனலுக்குக் காசு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2019 முதல் சேனலைத் தனித்தனியாகவும் வாங்கலாம், பேக்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வராத சேனலுக்குக் காசைக் கழிக்கக் கேபிள்காரரிடம் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது.

இழுத்துக்கொண்டே போனால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. மாதக் கட்டணமே இல்லை, ஆனால் நீங்கள் தேடும் கட்டணச் சேனல் அதில் வராது. தட்டு தென்கிழக்கே பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் சில்வர் ஓக் மரம் மறைத்தால் கூரைமேல் வேறு இடம் பாருங்கள்.