சியாங் மாயில் புகை மாதங்களைத் தள்ளுவது எப்படி

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் ஆண்டுதோறும் காடும் வயலும் எரியும் புகை சூழ்ந்துகொள்ளும். பிப்ரவரி பிறந்ததும் காலையில் மாடியிலிருந்து டோய் சுதேப் மலையைப் பார்ப்பேன். மங்கலாகத் தெரிந்தால் ஜன்னல்களை அடைத்துவிடுவேன். மார்ச்சில் மலையே காணாமல் போய்விடும். அப்போது விழித்துக்கொண்டு பயனில்லை.

தாய்லாந்து அரசின் காற்றுத்தரச் செயலியான ஏர்4தாயில் பிஎம் 2.5 அளவை, அதாவது நுரையீரலுக்குள் போகும் நுண்தூசியின் அளவை, பாருங்கள். தாய்லாந்து அரசின் வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 37.5 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. 37.5 தாண்டினால் என்95 முகக்கவசம்தான், துணி ஆகாது. போட்டபின் பலமாக மூச்சுவிடுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஓரத்தில் கசிகிறது, முகக்கவசத்தின் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்துங்கள்.

வீடு முழுவதையும் காப்பாற்ற முடியாது. ஒரே அறை, கதவடியில் ஈரத்துணி, உள்ளே ஏர் பியூரிஃபையர். போதும்.

அப்புறம், எரிப்பவர்களோடு பேச்சு. கஷ்டமே இதில்தான். நகரத்தில் பலரும் மலைக்கிராமத்தாரைக் கைகாட்டுவார்கள்: காளானுக்காகக் காட்டைக் கொளுத்துகிறார்களாம். மக்காச்சோளத் தட்டை எரித்த ஒருவரிடம் கேட்டேன். "இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது, ஆள் வைத்தால் கூலி கட்டாது" என்றார். நகரத்தின் வண்டிப்புகையை யாரும் பேசுவதில்லை என்ற கோபமும் அவருக்கு இருந்தது. நியாயம்தான். அதனால் குற்றம்சாட்டித் தொடங்காதீர்கள். என் பக்கத்து வீட்டு அம்மா தினமும் மாஞ்சருகைக் கொளுத்துவார். நான் புகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. உரக்குழிக்குச் சருகு வேண்டும் என்று சாக்கோடு போய் நின்றேன். இப்போது அவரே கூட்டிக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறார்.