திருத்த வரலாறு இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள்

ஒரு சிறு நிறுவனத்தின் தளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் பழைய கட்டணப் பட்டியலைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். புதிய பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஏற்றியிருந்தேன். விஷயம் இதுதான்: தளங்களை நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அதே பெயரில் ஒரு பிடிஎஃப்பை மறுபடி ஏற்றினால், அது பழையதை மாற்றாது. பெயருக்குப் பின்னால் ‘-1’ சேர்த்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்த இணைப்பை நான் மாற்றிவிட்டேன், சரி. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பழைய இணைப்பு? அது பழைய கோப்பைத்தான் திறந்தது.

கட்டுரைக்குத் திருத்த வரலாறு (பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் வசதி) இருப்பதால் கோப்புக்கும் இருக்கும் என்று நினைத்ததுதான் தவறு. மைக்ரோசாஃப்டின் கோப்புப் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்டின் நூலகத்தில் அதே பெயரில் ஏற்றி ‘மாற்று’ என்று சொன்னால், அதே முகவரியில் புதிய பதிப்பு வந்து உட்காரும், பழையது வரலாற்றுக்குள் போகும். வேர்ட்பிரஸில் அப்படி வேண்டுமென்றால் அதற்கென்று பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைமென்பொருள்) போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கோப்பைக் கையோடு அழித்துவிட வேண்டும்.

கட்டுரையின் வரலாறாவது முழுமையா என்றால், அதுவும் இல்லை. 2008-இல் 2.6 பதிப்போடு வந்த இந்த வசதி தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் ஆகிய மூன்றைத்தான் பொதுவாகக் காக்கும். முகப்புப் படத்தை மாற்றினீர்களா, பகுப்பைக் கலைத்தீர்களா, அதற்கு ‘மீட்டமை’ கிடையாது. விலை, தேதி மாதிரி தனிப் புலங்களில் போடுகிறவையும் அப்படித்தான். 2023-இல் வந்த 6.4 அவற்றையும் சேர்த்துக்கொள்ள வழி செய்தது, ஆனால் புலத்தை உருவாக்கியவர் அந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும். உங்கள் தளத்தில் எது தேறும் என்பதை ஒரு சோதனைப் பக்கத்தில் மாற்றிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, வெளியான பக்கத்தை ‘நிதானமாகத் திருத்தலாம்’ என்று வரைவுக்கு மாற்றுவது. மாற்றிய நொடியே பக்கம் தளத்திலிருந்து போய்விடும், வருகிறவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404 செய்திதான். நகல் எடுத்து அதில் திருத்துங்கள். முடிந்ததும் நகலை வெளியிடாதீர்கள், அது வேறு முகவரியில் போய் நிற்கும். திருத்திய உரையைப் பழைய பக்கத்துக்குள் கொண்டுவந்து சேமித்தால் முகவரியும் வரலாறும் தப்பும்.

பழைய பதிப்பை மீட்கும்போது பலரும் அவசரப்படுகிறார்கள். செவ்வாய்க்கிழமைப் பதிப்பை மீட்டால், புதன்கிழமை சக ஊழியர் சரிசெய்த தொலைபேசி எண்ணும் சேர்ந்து போய்விடும். முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தேவையான பத்தியை மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் மீட்டுவிட்டாலும் பதற வேண்டாம்: மீட்டதும் ஒரு புதிய பதிப்பாகவே சேரும், முந்தையதற்குத் திரும்பலாம்.

வேர்ட்பிரஸ் எத்தனை திருத்தம் வைக்கும்? நீங்கள் சொல்லாவிட்டால் கணக்கே இல்லை. தரவுத்தளம் பெருத்துப்போய், ஒருநாள் யாரோ ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ஒரு பிளகினை ஓடவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். அதற்குத் தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதி இருபதோடு நிறுத்திக்கொள்வது மேல். குப்பைத்தொட்டியும் 30 நாள்தான். பதிவு நிரந்தரமாக அழிந்தால் அதன் திருத்தங்களும் கூடவே போகும், ஆகவே பேக்கப் தனியாக இருக்கட்டும்.

ஷேர்பாயிண்டில் வேறு ஒரு தொல்லை: ஒருவர் கோப்பைச் செக்-அவுட் செய்துவிட்டு (மற்றவர் திருத்தாதபடி தன் பெயரில் பூட்டிவிட்டு) விடுப்பில் போவது. அவர் திரும்பும்வரை மற்றவர்களுக்குக் கடைசியாகச் செக்-இன் செய்த (பூட்டை விடுத்துச் சேர்த்த) பதிப்புதான் தெரியும். புதிதாக ஏற்றி ஒருமுறைகூடச் செக்-இன் செய்யாத கோப்போ, ஏற்றியவர் கண்ணுக்கு மட்டும்தான். நிர்வாகி தலையிட்டு விடுவிக்கலாம், ஆனால் செக்-அவுட்டை ரத்து செய்தால் பாதியில் நின்ற திருத்தம் போனது போனதுதான்.

கடைசியாக, ஏன் மாற்றினோம் என்று எழுதாமல் விடுவது. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தொகுப்புச் சுருக்கம்’ என்று ஒரு பெட்டி இருக்கும், வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூப்பலிலும் அதுபோல ஒன்று உண்டு. வேர்ட்பிரஸில் இல்லை. நான் ஒரு பொது விரிதாளில் தேதி, பக்கம், காரணம் என்று மூன்று நிரல் போட்டு வைத்திருக்கிறேன். ‘கட்டணம் மாறியது, பழைய பிடிஎஃப் அழித்தாயிற்று’ என்பதுதான் அதில் அடிக்கடி வரும் வரி.