காயவைத்த ரொட்டியில்தான் பிரெஞ்சு டோஸ்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

ரொட்டி, முட்டை, பால், கொஞ்சம் சீனி, வெண்ணெய். பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான். முட்டையும் பாலும் கலந்த முட்டைப்பாலில் ரொட்டியை ஊறவைத்து, வெண்ணெயில் சுட்டு எடுப்பதுதான் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனாலும் நம் ஊர் வீடுகளில் இதைச் செய்தால் நடுவில் கொழகொழவென்றும், ஓரத்தில் ஆம்லெட் துணுக்கு ஒட்டிக்கொண்டும் வருவதுதான் அதிகம். கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு ரொட்டியில் இருக்கிறது.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் "நேற்றைய ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். குளிர்ந்து வறண்ட ஊர்களில் அது சரிதான். அங்கே இரவு முழுக்க மேசைமேல் கிடந்த ரொட்டி காலையில் வறவறவென்று ஆகியிருக்கும். மலேசியாவில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழைக்குப் பிறகு ஒரு துண்டு ரொட்டியை வெளியே வைத்துப் பாருங்கள், காலையில் தொய்ந்து கிடக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் பூசணம் பூத்துவிடும். நம் ஊரில் ரொட்டி தானாகக் காயாது, நாம்தான் காயவைக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ரொட்டி வாங்குவது

பிளாஸ்டிக் பையில் வரும் சாண்ட்விச் ரொட்டி மெலிசு, பஞ்சு. முட்டைப்பாலில் போட்டதும் கையோடு பிய்ந்து வரும். வேறு வழியில்லை என்றால் அதிலும் செய்யலாம், ஆனால் முதல்முறை செய்பவருக்கு அது வேண்டாத சோதனை. வெட்டாத முழு ரொட்டியாக வாங்குங்கள். டவுன் பேக்கரியில் கிடைக்கும். தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டி பாயிடம் கேட்டாலும் கிடைக்கும். எங்கள் பாயிடம் நான், "பாய், நேத்து ரொட்டி மிச்சம் இருக்கா?" என்று கேட்டால், "புதுசு சுடச்சுட இருக்கும்போது பழசைக் கேக்குற ஆளு நீ ஒருத்திதாம்மா" என்பார். இருந்தாலும் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பினாங்குப் பக்கம் போகிறவர்கள் பெங்காலி ரொட்டி வாங்கி வரலாம். கெட்டியாக, இறுக்கமாக இருக்கும் அந்த ரொட்டி எவ்வளவு ஊறினாலும் உடையாது. இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

பெருவிரல் அகலத்துக்கு, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு, நான்கு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை நீக்க வேண்டாம். துண்டைத் தூக்கும்போது அதுதான் பிடிமானம்.

காயவைப்பது

ஓவன் இருந்தால் 150 டிகிரி செல்சியஸில், பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். ஓவன் இல்லையா, தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வைத்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல விடுங்கள். டோஸ்டர் இருந்தால் ஆகக் குறைந்த சூட்டில் ஒரு தடவை. நிறம் மாறவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், இப்போது நமக்கு வேண்டியது ஈரம் போவதுதான். நகத்தால் மேலே கீறினால் சரசரவென்று சத்தம் வரவேண்டும். நடுவில் அமுக்கினால் இன்னும் மெத்தென்று இருக்கவேண்டும். அது போதும்.

எடுத்த கையோடு தட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். சூட்டில் அடிப்பக்கம் வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். கம்பித் தட்டில் வையுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டிரண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி ஆறவிடுங்கள்.

"ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்தால் விறைத்துப் போகிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. குளிரில் ரொட்டியின் மாவுச்சத்து சீக்கிரமாக இறுகிக்கொள்ளும், அதனால்தான் கடினமாகத் தெரிகிறது. ஈரம் உள்ளேயேதான் இருக்கும், சூடு பட்டதும் பழையபடி இளகிவிடும். ஈரம் இருக்கும் இடத்தில் பால் எங்கே புகும்?

இந்தக் காயவைக்கிற வேலை ஒன்றும் புதிது இல்லை. 1660-இல் லண்டனில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் பிரெஞ்சு டோஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் முட்டையே கிடையாது. ரொட்டியைக் கனமாக வெட்டி, கம்பி அடுப்பில் வாட்டி, பிறகு வைனிலும் சீனியிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைக்கச் சொல்கிறது. அதிலும் முதல் வேலை வாட்டுவதுதான்.

முட்டைப்பால்

நான்கு துண்டுக்கு அளவு இது:

முட்டை 2
பால் 150 மில்லி
சீனி 1 மேசைக்கரண்டி
பட்டைத் தூள் கால் தேக்கரண்டி
வெண்ணிலா எசென்ஸ் அரைத் தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முட்டை வாடை தூக்கலாகத் தெரியும், இனிப்பும் சப்பென்று இருக்கும்.

பெட்டிப் பால் போதும். வீட்டுக்கு மாட்டுப்பால் ஊற்றுகிறவர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் காய்ச்சி நன்றாக ஆறவைத்துத்தான் சேர்க்கவேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும். டின் பாலைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் சீனி அதிகம், உள்ளே வேகும் முன்னாலேயே வெளியே கருகிப்போகும். எனக்கு அது சரிப்படவில்லை.

முதலில் சீனியையும் பட்டைத் தூளையும் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். தனியாகப் போட்டால் பட்டைத் தூள் மேலே மிதந்து, முதல் துண்டிலேயே மொத்தமும் அப்பிக்கொள்ளும். அப்புறம் முட்டையை உடைத்து ஊற்றி, பால் சேர்க்கும் முன்பே நன்றாக அடியுங்கள். வெள்ளைக்கரு நூல்நூலாக நின்றால் கல்லில் விழுந்ததும் அதுதான் ஆம்லெட் துணுக்காக மாறும். கடைசியாகப் பால், எசென்ஸ், உப்பு. தேத்தண்ணி வடிகட்டியில் ஒருமுறை வடித்துவிட்டால் கவலையே இல்லை. வடிகட்டியில் கொஞ்சம் பட்டைத் தூள் தங்கும், அதைக் கரண்டியால் தட்டி உள்ளே விடுங்கள்.

ஊறவைப்பது

கிண்ணம் வேண்டாம். துண்டு தட்டையாகப் படுக்கிற அகலத் தட்டில் முட்டைப்பாலை ஊற்றுங்கள். காய்ந்த 2 சென்டிமீட்டர் துண்டுக்குப் பக்கத்துக்கு 20 முதல் 30 வினாடி. தூக்கிப் பார்த்தால் கனம் கூடியிருக்கும், நடுவில் லேசாக வளையும், ஆனால் பிய்யாது. மெலிசான பை ரொட்டி என்றால் பக்கத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் விடாதீர்கள். எடுக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் கல்லுக்குக் கொண்டுபோங்கள். நான்கையும் முன்கூட்டியே ஊறவைத்து அடுக்கிவிட வேண்டாம். கல்லில் எத்தனை இடம் பிடிக்குமோ அத்தனை மட்டும்.

சுடுவது

ஒட்டாத தவா நல்லது. பழகிய தோசைக்கல்லும் அருமையாக வேலை செய்யும். ஆனால் நேற்று கெம்போங் மீன் பொரித்த கல் வேண்டாம், பட்டையும் வெண்ணிலாவும் சேர்ந்து போராடினாலும் அந்த வாடையை மறைக்க முடியாது.

மிதமான தீக்கும் சற்றுக் குறைவாக வைத்து, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைப் போடுங்கள். வெண்ணெயில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது ஆவியாகும்போதுதான் அந்த நுரையும் சலசலப்பும். நுரை அடங்கி, வாசனை எழும்பும்போது ரொட்டியை வையுங்கள். வைத்தவுடன் "ஸ்ஸ்" என்று மெல்லக் கேட்கவேண்டும். சத்தமே இல்லை என்றால் கல் சூடாகவில்லை. படபடவென்று வெடித்தால் தீ அதிகம்.

தீயைக் கூட்டக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் முட்டைப்பால் கெட்டிப்பட 80 டிகிரி செல்சியஸ் பக்கம் வரவேண்டும். மேல்தோல் சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். கல்லில் படும் பக்கம் சீக்கிரமே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும், நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும். பெரிய தீயில் சுட்டதெல்லாம் வெளியே கறுப்பு, உள்ளே பச்சை.

பக்கத்துக்கு மூன்று நிமிடம். அடி லேசாகத் தூக்கிப் பார்த்துப் பொன்னிறமாக இருந்தால் திருப்பலாம். திருப்பிய பிறகு கரண்டியால் அமுக்கி அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஊறிய பாலெல்லாம் வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரே ஒரு முறை நடுவில் விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று எழும்பி வந்தால் வெந்துவிட்டது. பக்கவாட்டில் பால் கசிந்தால் தீயை இன்னும் குறைத்து ஒரு நிமிடம் விடுங்கள். மூடி போட்டால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் மேல்தோல் நமத்துப்போகும்.

அடுத்த சுற்றுக்கு முன் கல்லை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் போடுங்கள். பழைய வெண்ணெயில் தங்கிய பால்சத்து கருகிக் கசக்கும். நெய்யில் அந்தப் பால்சத்து இல்லை என்பதால் கருகாது, ஆனால் வாசனை கேசரிப் பக்கம் போய்விடும். எங்கள் வீட்டில் அதைத்தான் அப்பா விரும்பிக் கேட்பார்.

மேலே ஊற்ற

மேப்பிள் சிரப் விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 100 கிராம் குலா மலாக்காவை, அதாவது தென்னை வெல்லத்தை, சீவி, 50 மில்லி தண்ணீர், முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை, சிட்டிகை உப்பு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் அருமையான பாகு. ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் அடுப்பில் தண்ணியாகத் தெரியும்போதே இறக்குங்கள். காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்பு ஜாம்) தடவுவதாக இருந்தால் முட்டைப்பாலில் சீனியே போடாதீர்கள். இரண்டு இனிப்பும் சேர்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் போகாது. நீளவாக்கில் பிளந்த பிசாங் எமாஸ் வாழைப்பழத்தை அதே கல்லில் மிச்ச வெண்ணெயில் வாட்டி மேலே வைப்பது என் சொந்த விருப்பம்.

இனிப்பே ஆகாதவர்களுக்கு சீனி, பட்டை, எசென்ஸ் மூன்றையும் விட்டுவிட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் சேருங்கள். இதை மட்டும் வடிகட்டக் கூடாது.

மிச்சமானால் நன்றாக ஆறவைத்து, மூடிய டப்பாவில் ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள். மைக்ரோவேவில் சுடவைத்தால் தோல் மாதிரி இழுக்கும். காய்ந்த கல்லில், சிறு தீயில், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டினால் நடு வரைக்கும் சூடேறி, மேல்தோலும் மறுபடி மொறுமொறுப்பாகும்.