பெரிய ஆர்சி விமானத்துக்குப் பெட்ரோல் இன்ஜின்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்காய் சீசன் தொடங்கும் நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஏரிகள் வற்றிக் கிடக்கும். அந்தக் காய்ந்த தரைதான் எங்களுக்கு ஓடுதளம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ரிமோட்டில் பறக்கும் (ஆர்சி) பெரிய மாடல் விமானம் ஒன்றை இறக்கி வைத்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிசி அண்ணா?" என்றுதான். பைக் ஓட்டிப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி இயல்பு. ஆனால் புதிதாக இன்ஜின் வாங்க நினைப்பவரும் இதே கேள்வியிலிருந்து தொடங்குகிறார். பெரும்பாலான பண இழப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது, விமானம் எவ்வளவு எடை வரும், அதன் மூக்கு எவ்வளவு நீளம் என்பதை. இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் சிசி. நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 78 அங்குல இறக்கை கொண்ட, வானில் சாகசம் செய்யும் ஒரு ஏரோபாட்டிக் விமானம் கட்டினேன். வரைபடத்தில் 30 முதல் 35 சிசி என்று எழுதியிருந்தது. கையில் பணம் இருந்தது, கூடுதல் சக்தி இருந்தால் நல்லதுதானே என்று 55 சிசி வாங்கினேன். 30 சிசி வகை இன்ஜின் ஒன்று 900 கிராம் சுமாருக்கு வரும். 55 சிசி 1,300 கிராமைத் தொடும். அதோடு பெரிய சைலன்சர், பெரிய டேங்க், அதைத் தாங்க ஃபயர்வாலில், அதாவது இன்ஜினைப் பொருத்தும் முன்பலகையில், கூடுதல் பிளைவுட். மூக்கில் ஏறிய எடையைச் சமன் செய்ய வாலில் ஈயம் வைக்க வேண்டியதாயிற்று. முடித்து மாங்காய் மண்டித் தராசில் வைத்தபோது 6.4 கிலோ காட்டியது. வரைபடம் சொன்னது ஐந்தரை. பறப்பதில் குறை தெரியவில்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தால் இறக்கை சரிகிறது, குறைக்காவிட்டால் தரை போதவில்லை. மூன்றாவது நாள் ஏரி மண் வெடிப்பு ஒன்றில் சக்கரம் மாட்டி, லேண்டிங் கியர் அடித்தட்டோடு பிய்ந்து வந்தது.

வரைபடக்காரர் ஒரு வரம்பு கொடுத்திருந்தால் அதன் நடுவில் நில்லுங்கள். மேல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

இதற்கு நேர்மாறான விமானங்களும் உண்டு. முதல் உலகப் போர்க்காலப் போர் விமானங்களின் மாடல்களைப் பாருங்கள். அசல் விமானத்தில் கனமான ரோட்டரி இன்ஜின் முன்னால் இருந்ததால் மூக்கைக் குட்டையாக வைத்தார்கள். அந்த மாடலில் எடை குறைந்த நவீன இன்ஜினைப் போட்டால் மூக்கில் அரைக் கிலோ ஈயம் ஏற்ற வேண்டிவரும். செத்த எடையைச் சுமப்பதை விட, கனமான இன்ஜினையே போடுவது மேல். ஜெனோவா கம்பெனி இன்ஜின் போன்ற பழைய கனத்த வகை அங்கே பொருத்தமாக உட்காரும். எடை குறைந்த இன்ஜின்தான் எப்போதும் நல்லது என்ற எண்ணமும் தவறுதான்.

அடுத்தது, பெட்டியில் போட்டிருக்கும் குதிரைசக்தி. அது இன்ஜின் எட்டாயிரத்து ஐந்நூறு, ஒன்பதாயிரம் சுற்றில் காட்டும் உச்சம். பெரிய ப்ரொப்பெல்லர் மாட்டினால் நம் இன்ஜின் ஏழாயிரத்துக்கு முன்பின் தான் சுற்றும். அதனால் விற்பவரிடம் குதிரைசக்தி கேட்காமல், "எந்த ப்ரொப்பெல்லரை எத்தனை சுற்று சுற்றும்?" என்று கேளுங்கள். 20 சிசிக்கு 16-க்கு 8, 30 சிசிக்கு 18-க்கு 10 அல்லது 19-க்கு 8, 55 சிசிக்கு 22-க்கு 8 என்பவை வழக்கமான அளவுகள். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்குத் தூரம்), இரண்டும் அங்குலத்தில். பைப்பர் கப் வகை நிதானமான விமானத்துக்கு அதன் எடையில் முக்கால் பங்கு இழுவிசை இருந்தாலே தாராளம். மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்றால் எடையைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். உங்கள் ஆசை இவற்றில் எது என்று மனதுக்குள் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ப்ரொப்பெல்லர் என்றதும் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 22 அங்குல ப்ரொப்பெல்லரின் பாதி 28 சென்டிமீட்டர். வால் தூக்கி ஓடும்போது நுனிக்கும் மண்ணுக்கும் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். தார் ஓடுதளத்துக்கு வரைந்த லேண்டிங் கியர் நம் ஏரித் தரைக்கு, ராகி அறுத்த காட்டுக்குப் போதாது. இன்ஜின் பெரிதானால் கியர் உயரமும் சக்கரமும் பெரிதாக வேண்டும் என்பதை விலைக் கணக்கில் சேருங்கள்.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு விஷயம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். ஓசூரில் காற்றின் அடர்த்தி சென்னையை விட எட்டு சதவீதம் அளவுக்குக் குறைவு. இன்ஜின் இழுக்கும் காற்றும் குறைகிறது, ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்றும் குறைகிறது. மே மாத மதியச் சூட்டில் இன்னும் குறையும். கணக்கு போட்டு எல்லையில் நிற்கும் இன்ஜினை இங்கே எடுக்காதீர்கள். அப்புறம், சென்னையில் ட்யூன் செய்து கொடுத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகம் விடும். அதிக சுற்றில் போகும் பெட்ரோல் அளவைத் திருத்தும் H ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டிவரும். முழு த்ராட்டிலில் சுற்று உச்சத்துக்குப் போனதும் அங்கேயே விட்டுவிடாமல், ஊசியைச் சற்றே திறந்து நூறு, இருநூறு சுற்று குறைய விடுங்கள். பெட்ரோல் குறைந்து ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் அதோடு கலந்த ஆயிலும் குறைந்துதான் போகும், பிஸ்டன் இறுகிவிடும்.

மெத்தனால் குடிக்கும் குளோ இன்ஜினிலிருந்து பெட்ரோலுக்கு மாறுகிறவர்கள் பழைய டேங்கை அப்படியே வைத்துவிடுவார்கள். என் நண்பர் ஒருவரின் டேங்கைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்த சிலிகான் குழாய் ஊறி, ஊற வைத்த சேமியா மாதிரி தடித்து, விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. பெட்ரோலுக்கு சிலிகான் ஆகாது. டைகான் போன்ற பெட்ரோல் குழாயும், பெட்ரோல் தாங்கும் மூடியும் வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய்ப் பொருளுக்காக விமானமே போகும்.

பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கார்புரேட்டருக்குள் காகிதம் போல் இருக்கும் டயாஃப்ரம்தான் பெட்ரோலை இழுக்கும் பம்பு. அது எத்தனாலில் கிடந்தால் விறைத்துப் போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ஆசையா? அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீரும் 80 மில்லி பெட்ரோலும் ஊற்றி, திறந்த வெளியில் குலுக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் 20-லிருந்து 36-க்கு ஏறி நின்றால் 16 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். இதற்காகப் பயப்பட வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓட விட்டு நிறுத்துங்கள். ஆயில் கணக்கும் இதே இடத்தில்: 30-க்கு 1 என்றால் லிட்டருக்கு 33 மில்லி, 40-க்கு 1 என்றால் 25. புது இன்ஜினுக்கு எந்த விகிதம் என்பதை அதன் கையேடு சொல்லும், அதையே பிடியுங்கள். பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றிய கண் அளவு இங்கே வேண்டாம்.

"மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயர் இன்ஜினை மாட்டலாமா?" என்று தர்மபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கிறார்கள். விவசாயம் பார்க்கும் வீட்டில் பிரஷ் கட்டரோ ஸ்ப்ரேயரோ இருக்கும்போது அந்த நினைப்பு வருவது நியாயம்தான். மாடல் விமான இன்ஜின்களில் சில அப்படிப்பட்ட தொழில் இன்ஜின்களிலிருந்து வந்தவையே. ஆனால் அதன் காந்தம் பதித்த ஃபிளைவீல், இழுகயிறு ஸ்டார்ட்டர், கிளட்ச் எல்லாம் சேர்ந்து கனம். ப்ரொப்பெல்லர் முன்னோக்கி இழுக்கும் விசைக்காக அதன் கிராங்கும் பேரிங்கும் செய்யப்படவில்லை. ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும் ஹப்பை லேத்தில் கடைந்து மாட்டும்போது மையம் ஒரு நூல் விலகினாலும் அதிர்வு ஃபயர்வாலைத் தின்றுவிடும். லேத் வேலை கை வந்தவர், தரையில் கட்டி ஓட்டிப் பார்க்க முயலலாம். முதல் பெட்ரோல் விமானத்துக்கு வேண்டாம். அதே ஸ்ப்ரேயர் மெக்கானிக் வேறு விதத்தில் உதவுவார்: டயாஃப்ரம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அவரைவிடப் பழகிய கை ஊரில் இல்லை.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் பெட்டியை, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள், அதற்குத் தனி பேட்டரி கொடுங்கள். ரிமோட்டிலிருந்தே இக்னிஷனை அணைக்கும் கில் சுவிட்ச் இல்லாமல் பெட்ரோல் இன்ஜினை ஓட்டாதீர்கள். வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். நம் தரையில் ஆடு மேய்க்கிறவர்களும் பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள்.

இன்ஜினை மூடும் மூக்கு உறையான கவுலிங்குக்குள் இன்ஜின் உட்காருமா என்பதை அட்டையில் வெட்டிய மாதிரி வைத்துப் பாருங்கள். சைலன்சர் பக்கவாட்டில் வருகிறதா, பின்னாலா, கார்புரேட்டர் ஃபயர்வாலை முட்டுமா என்பது அப்போது தெரியும். காற்று வெளியேறும் வழி நுழையும் வழியைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். நுழைந்த காற்று சிலிண்டர் துடுப்புகள் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தடுப்பு வையுங்கள். முன்னால் பெரிய ஓட்டை போட்டுவிட்டு, சூடு ஏறுகிறதே என்று இன்ஜினைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பறக்கும் இடத்தை, எங்கே பறக்க விடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் முதலில் பாருங்கள். ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் நினைத்த இடத்தில் ஏற்ற முடியாது.

பழைய இன்ஜின் வாங்கப் போனால் பேச்சை விட்டுக் கையால் சோதியுங்கள். இக்னிஷன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றினால் உச்சியில் நன்றாக எதிர்த்து, தாண்டியதும் துள்ள வேண்டும். ஹப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, புகை வெளியேறும் வாசல் வழியே பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் நெடுக்குக் கோடுகள் தெரிந்தால் அது ஒருமுறை இறுகிய இன்ஜின். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.