கனடாவில் பிக்கரிங், அஜாக்ஸ் பக்கம் பேஸ்மென்ட் (தரைக்குக் கீழ்த்தளம்) வீடு பார்க்கிறவர்களுக்கு: அணுமின் நிலைய எச்சரிக்கை பற்றி

ஆகஸ்ட் பிறந்தால் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பெட்டி வாங்குகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கனடா போகிறவர்களோ என்று தோன்றும். வலங்கைமான், பாபநாசம், மன்னார்குடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒஷாவா கல்லூரிகளில் இடம் கிடைத்துப் போகிறார்கள். நான் அஜாக்ஸில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டவன் என்பதால், "அண்ணே, ஜாக்கெட் இங்கயே வாங்கிடலாமா, குக்கர் எடுத்துட்டுப் போகலாமா" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஜாக்கெட்டை அங்கே வாங்குங்கள். குக்கரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

அரசாங்க வேலைகளில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. இறங்கியதும் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் அடையாள எண்), அப்புறம் வங்கிக் கணக்கு, கனடா சிம். மாணவர்களுக்குக் கல்லூரி மூலமே மருத்துவக் காப்பீடு வந்துவிடும், வேலை அனுமதியில் போகிறவர்கள் ஹெல்த் கார்டுக்கு எழுதிப்போட வேண்டும். இதையெல்லாம் ஆயிரம் பேர் வீடியோ போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

யாரும் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் வாடகை குறைவு என்று தேடிப் போகிற, டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஒன்டாரியோ ஏரிக்கரையில் இரண்டு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று 1971இல் ஓடத் தொடங்கிய பிக்கரிங், இன்னொன்று ஒஷாவாவுக்குக் கிழக்கே டார்லிங்டன். பயப்படச் சொல்லவில்லை. கல்பாக்கத்தைச் சுற்றியும் 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் உண்டு, அங்கேயும் ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். டெல்டாக்காரர்களான நமக்கு அந்த வட்டத்துக்குள் வாழ்ந்த பழக்கம் கிடையாது, அவ்வளவுதான்.

நமக்குப் பழக்கமானது வேறு. மேட்டூரில் பதினாறு கண் மதகைத் திறந்தால் கொள்ளிடக் கரை ஊர்களுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே சேதி வந்துவிடும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார்கள், வி.ஏ.ஓ. வருவார், டீக்கடையில் நாலு பேர் பேசுவார்கள், அதற்கும் அசையாமல் படுத்திருந்தால் பக்கத்து வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டுவார். 2018 நவம்பரில் கஜா வந்தபோதும் கரையோரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தான் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப்போனார்கள். தென்னையையும் கூரையையும் காப்பாற்ற முடியவில்லை, அது வேறு கதை. சேதி நம்மைத் தேடி வரும் ஊரில் வளர்ந்துவிட்டோம்.

அங்கே நிலையத்தைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் வெளியிடத்தில் சைரன்கள் வைத்திருக்கிறார்கள். 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளின் லேண்ட்லைனுக்குத் தானாகவே அழைப்பு வரும். செல்போனுக்கும் தொலைக்காட்சிக்கும் 'அலர்ட் ரெடி' என்ற எச்சரிக்கை வரும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் யாருக்குப் பொருந்தும்? சொந்த வீடு, லேண்ட்லைன், தன் பேரில் தபால் என்று காலூன்றிவிட்டவனுக்குப் பொருந்தும். போய் இறங்கி ஒரு மாதம் ஆன, பேஸ்மென்ட்டில் குடியிருக்கிற நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முதலில் அந்த சைரன். அது வெளியே நிற்பவர்களை எச்சரிக்க வைத்தது. நம் முனிசிபாலிட்டி சங்கு திறந்த ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் கேட்கும். அங்கே குளிருக்காக இறுக மூடிய வீட்டில், பூமிக்கு அடியில், ஹீட்டர் இரைந்துகொண்டிருக்கும்போது காதில் விழும் என்று நம்பாதீர்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஒலித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருந்து கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் போன் ஒன்றுதான் துணை.

அந்த போனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்க ஊர் சிம்மைப் போட்டபடி வெறும் வைஃபையில் வாட்ஸ்அப் ஓட்டுவார்கள். அலர்ட் ரெடி வைஃபையில் வராது, அந்த ஊர் எல்.டி.ஈ. (4ஜி) செல்போன் இணைப்பு வேண்டும். ராத்திரி ஏரோபிளேன் மோடில் போட்டுத் தூங்கினாலும் வராது.

இனி என் நண்பர் மாட்டிக்கொண்ட கதை. அம்மாபேட்டைக்காரர். பிக்கரிங்கில் ஒரு தமிழர் வீட்டு பேஸ்மென்ட்டில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தார். 2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை ஆவதற்குள் ஒன்டாரியோ மாகாணம் முழுக்க எல்லோருடைய போனும் அலறியது. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று சேதி. நண்பர் அந்த முதல் வரியோடு நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் இருக்கிற மாடிக்கு ஓடினார். கதவைத் தட்டினால் பதில் இல்லை, வாசலில் காரும் இல்லை. வீட்டுக்காரர் நம்மை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார். குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, சொன்ன தொகைக்கு ஒரு வாடகைக் காரைப் பிடித்து, டொராண்டோவைத் தாண்டி மேற்கே இருக்கிற மிசிசாகா போய், ஓட்டலில் இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டினார். திருப்பித் தர மாட்டோம் என்ற நிபந்தனையோடு. அடுத்த மாத வாடகைக்கு வைத்திருந்த காசு அது.

ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து, முதலில் வந்தது தவறான எச்சரிக்கை என்று இரண்டாவது சேதி வந்தது. வழக்கமான சோதனையின்போது ஓர் அலுவலர் பயிற்சித் தளம் என்று நினைத்து நிஜத்தில் அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் எங்கே போயிருந்தார் தெரியுமா? மார்கழி பூஜைக்குக் கோயிலுக்கு!

என் எரிச்சல் அந்தத் தவறான எச்சரிக்கை மேல் இல்லை. அதிலேயே தெளிவாக எழுதியிருந்தது: வழக்கத்துக்கு மாறாகக் கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை, அருகில் இருப்பவர்கள் தற்போது எந்தப் பாதுகாப்பு நடவடிக்கையும் எடுக்கத் தேவையில்லை, உள்ளூர்ச் செய்தியைக் கவனியுங்கள். எரிச்சல் எல்லாம் அந்த வீட்டுக்காரர் மேல்தான். அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தாளும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையும் 2015இலேயே 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளுக்கு வந்துவிட்டன. அது வீட்டு முகவரிக்கு வந்தது, அதாவது மாடிக்கு வந்தது. பிரிக்காமலே அலமாரியில் கிடந்திருக்கிறது. கீழே குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் கேட்கத் தெரிகிறது. நம்மாட்கள் வீடு என்று நம்பிப் போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பொட்டலம் எங்கே என்று கேளுங்கள். முழித்தால் நீங்களே வரவழையுங்கள். 50 கிலோமீட்டருக்குள் யார் கேட்டாலும் இலவசம், 'பிரிப்பேர் டு பி சேஃப்' என்ற இணையதளத்தில் முகவரி கொடுத்தால் தபாலில் வரும். முகவரியில் பேஸ்மென்ட் என்றும் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அதுவும் மாடி அலமாரிக்குத்தான் போகும். மாதம் நூறு, இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்ததை அந்த ஜனவரியில் இரண்டே நாளில் 30,000 பேருக்கு மேல் கேட்டார்கள். நீங்கள் சும்மா இருக்கிற நாளில் கேளுங்கள்.

மாத்திரை வந்ததும் வாயில் போட்டுவிடாதீர்கள். அது தைராய்டைக் கதிரியக்க அயோடினிலிருந்து காப்பதற்கு மட்டும்தான், வேறு எதற்கும் உதவாது. மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரி சொன்னால்தான் சாப்பிட வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மிகவும் முக்கியம்.

சைரன் கேட்டால் வெளியே வந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையில் போய் நின்று பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். உள்ளே போங்கள், ஜன்னலை மூடுங்கள், ஃபேனை அணைத்துவிட்டு வானொலியோ டிவியோ போடுங்கள். கிளம்பச் சொன்னால் மட்டும் கிளம்புங்கள், அவர்கள் சொல்கிற வழியில். 911ஐ அழைத்து "என்ன ஆச்சு" என்று விசாரிக்காதீர்கள். பிள்ளை பள்ளியில் இருந்தால் காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், பள்ளிக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. இன்னொன்று, சைரன் சரியாகக் கேட்காத அதே பேஸ்மென்ட்தான் பதுங்குவதற்கு வீட்டிலேயே நல்ல இடம். நண்பர் அதைத்தான் விட்டுவிட்டு மிசிசாகா போனார்.

அமெரிக்கா போகிறவர்களுக்கும் அடிப்படை இதேதான். 1979இல் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நடந்த பிறகு அங்கே அவசரகாலத் திட்ட வட்டத்தைச் சுமார் 16 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கிற அம்மா அப்பாவிடம் இதையெல்லாம் போகும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். நண்பர் அந்தக் காரிலிருந்தே அம்மாபேட்டைக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். அவர் அம்மா அந்த நிமிடமே, பேரனுக்கு வைத்தீஸ்வரன் கோயிலில் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டார். தவறான எச்சரிக்கை என்று பிறகு சொன்னபோது, "எச்சரிக்கை தப்பா இருக்கலாம்பா, வேண்டுதல் வேண்டுதல்தான்" என்றாராம். மூன்று பேருக்கு விமான டிக்கெட்.